அன்னமேரிக்கு இருநூறு வயது

கல்லறைத் திருநாள் நெருங்கினால் ஊரில் எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். நெய்வேலிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பாக்கியசாமியும் வாளியும் மட்டையுமாகக் கல்லறை மேட்டில் ஏறினார். மனைவி அன்னமேரி அங்கே குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தவரை சுவரில் ஒரு கைத்தடம் பொறுக்காதவள். அவள் கல்லறை பளிச்சென்று இருக்க வேண்டும். திருநாளுக்காவது மகன் ஆனந்த்ராஜ் வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். கிழவருக்கு வேறு ஆசை இல்லை.

மேட்டில் புதிதாக ஒரு பலகை முளைத்திருந்தது: 'தொன்மைமிகு மலையுச்சிக் கல்லறைத் தோட்டம்.' சுரங்க மண்ணைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த குன்று எதிரிலேயே இதைவிடப் பல மடங்கு உயரமாக நிற்கிறது. ஆனால் பலகை நட்ட இடம்தானே மலை? ஒருபக்கம் முந்திரித் தோப்பு, மறுபக்கம் சுரங்கக் குழி, நடுவே புகைபோக்கி. இதற்குக் 'கண்கொள்ளா இயற்கைக் காட்சி' என்று பெயர்.

"யாருங்க அது? சுண்ணாம்பைக் கீழ வைங்க!" என்று ஓடிவந்தார் வளவன். தொன்மைக் காட்சி மேம்பாட்டுப் பிரிவின் உதவி அலுவலர்.

"என் சம்சாரம் கல்லறைங்க. வருஷா வருஷம் ஊரே அடிச்சிகினுதான இருக்குது?"

"அதான் பிரச்சினையே. வெள்ளையா இருந்தா பழசுன்னு யாரு நம்புவா? பாசி வளர்க்க கான்ட்ராக்ட் விட்டிருக்கோம்."

"அவளுக்கு அழுக்குன்னாலே ஆவாதுங்க."

"ஆட்சேபணை இருந்தா அவங்களையே எழுத்துமூலமாக் குடுக்கச் சொல்லுங்க. பரிசீலிப்போம்."

"செத்தே ரெண்டு வருஷம்தாங்க ஆவுது!"

வளவன் முகம் வாடியது. நூறு வருஷத்துக்குக் குறைந்த பிணம் தொன்மைத் தகுதி பெறாது. அகற்றவும் வழியில்லை, காட்சிக்கு நடுநாயகமே அன்னமேரிதான். ஆழ்ந்து யோசித்து, மேலிடத்து ஒப்புதலோடு, அவளை இருநூறு வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரத் துரைசானியாக அறிவித்தார். டவுன்ஷிப் தெருக்களைக் கடைசிவரை கான்ட்ராக்டிலேயே பெருக்கி ஓய்ந்தவளுக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு அது. பாக்கியசாமி சுண்ணாம்பு அடிக்காமலே வாளியோடு இறங்கிவிட்டார்.

ஒரு மாசம் போய்த் திருநாளன்று மனசு கேட்கவில்லை. மறுபடி ஏறினார். மேடு கொள்ளாத கூட்டம். துரைசானியோடு செல்ஃபி எடுக்காதவன் மனுஷனே இல்லை என்று டவுன்ஷிப்பில் ஆகிவிட்டிருந்தது. பெயரையே மூடிப் பாசி படர்ந்த அந்தக் கல்லறை முன்னால், அடக்கத்துக்கு வந்துபோனதோடு சரி, அப்புறம் ஷிஃப்ட் ஷிஃப்ட் என்று எட்டியே பார்க்காத ஆனந்த்ராஜ் பெண்டாட்டியோடு நின்றான். கையில் மெழுகுவத்தி!

"அப்பா, நீங்களும் துரைசானியப் பாக்க வந்தீங்களா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோவுல மறைக்குது."

"அம்மா கல்லறைக்குப் போனியாடா?"

"எறங்கறப்போ பாத்துக்கலாம்பா. எந்தப் பக்கம் அது?"

பாக்கியசாமி வாயைத் திறந்தார். மகன் குனிந்து, காற்றுக்குக் கையால் மறைத்தபடி, மெழுகுவத்தியை ஏற்றிக் கல்லின்மேல் வைத்தான். அவர் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றார்.

அதற்குப் பிறகு அவர் சுண்ணாம்பைத் தொடவில்லை. கான்ட்ராக்டர் வேலை சுத்த மோசம் என்று, அரிசி கழுவின தண்ணீரைத் தானே சுமந்துபோய் ஊற்றிப் பாசி வளர்க்கிறார்.

"மன்னிச்சிக்க மேரி," என்பார். "அழுக்கா இருந்தாதான் புள்ள வர்றான்."