ஓராண்டு தொடாத பொருள்

நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவரைத் தெருவில் எல்லோரும் சங்கிலியார் என்றே அழைத்தார்கள். ஊரையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவர் என்பது அதற்கு ஒரு விளக்கம். வீட்டில் அவரைச் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த வீட்டுத் தையல்காரம்மாள் தரும் விளக்கம். எது மூலம், எது இடைச்செருகல் என்று இப்போது உறுதி சொல்வதற்கில்லை.

ஓய்வின் முதலாம் ஆண்டு நிறைவுபெற்ற திங்கட்கிழமை காலை, இரண்டாவது காபிக்கும் குளியலுக்கும் இடையே, அவர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். சமையலறை வாசலில் நின்று அதை அறிவித்தார்.

"ஒரு வருஷமா யாரும் பயன்படுத்தாத பொருள் எதுவும் இனி இந்த வீட்டுல இருக்கக் கூடாது. எல்லாம் முதியோர் இல்லத்துக்கு. சனிக்கிழமை வேன் அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வீட்டம்மாள் தலை நிமிரவில்லை.

"நல்ல விஷயம்தாங்க. எல்லாத்துக்கும் பொருந்துமா?"

"எல்லாத்துக்கும்."

"பெரிசா இருந்தாலும்?"

"பெரிசு சின்னதுங்கற பேச்சே இல்லை."

"ரொம்ப வருஷமா பழகினதா இருந்தா?"

"பழக்கத்தைப் பார்த்தா வீடு எப்படிம்மா காலியாகும்? பாசம் வேற, சட்டம் வேற."

"அப்போ எழுதிக் கொடுத்துடுங்க. நாளைக்கு நீங்களே மாத்திப் பேசுவீங்க."

எழுதித் தரச் சொல்வதைவிட இனிய சொல் சங்கிலியார் காதுக்குக் கிடையாது. அரைமணியில் படிவம் தயார். பொருளின் பெயர், கடைசியாகப் பயன்பட்ட நாள், தற்போதைய நிலை, கையாளும் முறை, அனுமதி அளிக்கும் அதிகாரி என ஐந்து கட்டங்கள். அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள். பத்துப் பிரதிகள் எடுத்துவந்தார்.

"அதிகாரி யாருங்க?"

"வேற யாரு? நான்தான்."

"ஒவ்வொண்ணுக்கும் நான் உங்களைத் தேடி ஓடணுமாக்கும்? பத்துலயும் இப்பவே கையெழுத்துப் போட்டுடுங்க. நான் நிரப்பிக்கறேன்."

வெற்றுத் தாளில் கையெழுத்திட்டதற்காக இரண்டு உதவியாளர்களை ஒருகாலத்தில் அழ அழக் கடிந்தவர் அவர். அன்று பத்திலும் போட்டார், கீழே ஒரு சுழியோடு. கண் முழுக்கச் சமையலறை ஜன்னல் மூலைமேல் இருந்தது. கை அதன் போக்கில் ஓடிவிட்டது.

அந்த மூலையே எல்லாவற்றுக்கும் காரணம். அவர் கையால் வரைந்த நிலப்படங்கள் ஓர் இரும்பு அலமாரியில் பின்புறத் தாழ்வாரத்தில் கிடந்தன. மழைக்காலம் வந்தால் அங்கே சுவரே வியர்க்கும். பூட்டு துருவேறிவிட்டது; உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறதோ என்ற பயத்தில் அவர் ஓராண்டாகச் சாவியைத் தொடவே இல்லை. அலமாரியை நகர்த்த வீட்டில் ஈரமே படாத ஒரே இடம் அந்த ஜன்னல் மூலை. அங்கே, முக்காலிமேல், மகாராணி போல் ஓவன் அமர்ந்திருந்தது. மகள் தொலைதூர வேலைக்குப் போன நாளில் கடைசியாகக் கேக் வெந்தது. மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சட்டப்படி அது வெளியே போயே தீர வேண்டும். நேராகக் கேட்டால் நடக்காது என்பதால்தான் இவ்வளவு சட்டமும்.

அந்த ஓவனில் வெந்த முதல் கேக்கைப் பற்றி வீட்டில் மூன்று பாடங்கள் வழங்குகின்றன. சங்கிலியார் பாடத்தில், பாதியில் மின்சாரம் போயிற்று; கேக் நடுவில் குழி விழுந்தது. வீட்டம்மாள் பாடத்தில் மின்சாரம் போகவே இல்லை. வெந்துவிட்டதா என்று பார்க்கப் புதுமாப்பிள்ளை பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஓவன் கதவைத் திறந்தார். அப்போது பிறந்தே இராத மகளின் பாடத்தில், அப்பா உள்ளே தலையையே விட்டார். மூன்றும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. குழி விழுந்த கேக்கைத் தகர டப்பாவில் வைத்துக்கொண்டு இருவரும் ஞாயிறன்று ஏரிக்கரைக்கு நடந்தார்கள். குழியில் ஆரஞ்சுப் பழப்பாகை ஊற்றி, ஒரே கரண்டியால் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். "குழி விழுந்ததே நல்லது. பாகு ஓடாம நிக்குது," என்றாராம் அவர். பின்னால் எத்தனையோ கேக்குகள் ஒழுங்காக உப்பின. எதிலும் அந்தச் சுவை இல்லை என்பதிலும் பாடபேதம் கிடையாது.

தம்முடைய பொருள்களைக் காப்பாற்றச் சங்கிலியார் தனி ஏற்பாடு செய்திருந்தார். தினமும் காலையில் பரணிலிருந்து சிலவற்றை இறக்கி அவசரமாகப் பயன்படுத்திவிடுவது. செவ்வாய்க்கிழமை ஒரு கண் மட்டும் தெரியும் தொலைநோக்கியால் காக்கையைப் பார்த்தார். புதன்கிழமை பின்னோக்கி ஓடும் அலாரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். வியாழக்கிழமை மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மதிலுக்கு அப்பால் தையல்காரம்மாள் தலை தெரிந்தது.

"என்ன சார், வெயில் இப்படிக் கொளுத்துது, மழைக்கோட்டு?"

"செடிக்கு ஊத்தறப்போ மேல தெறிக்குதும்மா."

"தொப்பியுமா?"

"தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு யாருக்குத் தெரியும்?"

"அக்கா! சார் நல்லாத்தானே இருக்காரு?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "அவரு நல்லாத்தான் இருக்காரு. ஒரு வருஷமா வெளியில போகலை, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை முடிவெட்டிக்கொண்டு திரும்பியவரை வாசலிலேயே ஒரு மணம் மறித்தது. வெண்ணெய், ஆரஞ்சுத் தோல், சற்றே கருகும் சர்க்கரை. கால்கள் செருப்பைக் கழற்ற மறந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னால் போய், ஒற்றை அறை வீட்டில், சாயம் போன பச்சைத் திரைக்கு அருகே நின்றுவிட்டுத்தான் மறுபடி சமையலறைக்கு வந்து சேர்ந்தார்.

"ஓவன்ல என்னது?"

"கேக்."

"மூணு வருஷமா இல்லாம இப்போ என்ன திடீர்னு?"

"இல்லத்துல நாளைக்கு எல்லாரும் ஏரிக்கரைக்குப் போறாங்களாம். பதினெட்டுப் பேர். நிர்வாகியம்மா போன்ல சொன்னாங்க, நான் செஞ்சு தரேன்னேன். ஓவனுக்குப் படிவம் எழுதட்டுமாங்க? கடைசியாகப் பயன்பட்ட நாள்னு இருக்கே, அதுல இன்னைக்குத் தேதி போட்டுடறேன்."

  சட்டம் தோற்ற மனவருத்தத்தில் சங்கிலியார் குனிந்து, வெந்துவிட்டதா என்று பார்க்க ஓவன் கதவைத் திறந்தார்.

"திறக்காதீங்க!"

கண்ணெதிரே கேக்கின் நடு மெதுவாக உள்வாங்கிற்று.

"மின்சாரம் போயிடுச்சோ?" என்றார்.

வீட்டம்மாள் தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினாள்.  உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்து நின்றது.

"போகட்டும். ஆனா உங்க சட்டத்தை நான் மதிக்கறேங்க. இந்த வீட்டுல முழுசா ஒரு வருஷமா சும்மாவே கிடக்கறது ஒண்ணு இருக்கு. படிவம் நிரப்பி இல்லத்துக்கு அனுப்பியாச்சு."

அவர் பின்பக்கம் திரும்பினார். தாழ்வாரத்தில் அலமாரி. தொடாத சாவி.

"என் படங்களையா? அது என் ஆயுசும்மா! இந்தா, இப்பவே திறக்கறேன்..."

"அதை நான் கொடுப்பேனா? அது இல்லீங்க."

"பின்னே எது?"

"நாளைக்கு வேன் வந்ததும் தெரியும். சலவைச் சட்டை எடுத்து வச்சிருக்கேன். போட்டுக்கோங்க."

"பொருள் போறதுக்கு நான் எதுக்குச் சட்டை மாத்தணும்?"

"வழியனுப்பற நேரத்துல லட்சணமா இருக்க வேணாமா?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. உள்ளே பதினெட்டுத் தலைகள், பதினெட்டுத் தொப்பிகள், ஒரே சத்தம். மேற்கு ஏரியா கிழக்கு ஏரியா என்று ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்கும் தபால்காரர் ஒருவருக்கும் சண்டை. ஓட்டுநருக்கு இரண்டு ஏரிக்கும் வழி தெரியாது. நிர்வாகியம்மாள் இறங்கி வந்து தகர டப்பாவைப் பார்த்தார்.

"கேக்கை யார் பிடிச்சுக்கறது? பாதை முழுக்கப் பள்ளம்."

"இவர் பிடிப்பாரு," என்றாள் வீட்டம்மாள். "மட்டம் இம்மி பிசகாது."

தொழில் திறமையைப் புகழ்ந்தால் சங்கிலியார் தீயிலும் இறங்குவார். வேனில் ஏறி முன்னிருக்கையில் அமர்ந்தார். மடியில் டப்பாவை வைத்து, மட்டம் பார்த்தார். அதன் மூடிமேல் ஒரு காகிதச் சுருள் கட்டியிருந்தது. பிரித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் வரைந்த மேற்கு ஏரி. கரையில் மருதமரம், கல்படி, ஒற்றையடிப் பாதை, எல்லாம் அவருடைய மெல்லிய மையில். ஒரு மூலையில் மட்டும் ஈரம் பட்டுப் பழுத்திருந்தது. பூட்டை வீட்டம்மாள் எப்போது உடைத்தாள் என்று தெரியவில்லை.

"மேற்கு ஏரி," என்றார். "கண்டக்டர் சொல்றதுதான் சரி. ஓட்டுநர் தம்பி, ஆலை தாண்டி இடது பக்கம். வலது பக்கம் போனா சேறு."

"அப்பாடா, ஒரு ஆள் கிடைச்சாரு!" என்றது பின்னிருக்கை.

கதவு சாத்தப்பட்டது. வண்டி நகர்ந்தது. அப்போதுதான் தாம் இறங்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலில் வீட்டம்மாளும் தையல்காரம்மாளும் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வீட்டுலேர்ந்து வந்த படிவம்," என்று நிர்வாகியம்மாள் ஒரு தாளை நீட்டினார். "சரிபார்த்துக்கோங்க சார்."

பொருளின் பெயர்: நில அளவையாளர், ஒன்று. கடைசியாகப் பயன்பட்ட நாள்: போன வருடம் இதே வாரம். தற்போதைய நிலை: நன்று, சற்றே தூசு. கையாளும் முறை: சனிக்கிழமைதோறும் எடுத்துக்கொள்ளவும். மாலை ஐந்துக்குத் திருப்பித் தரவும். வழி கேட்டால் உதவும். கேக் வேகும்போது அருகில் விட வேண்டாம்.

இது செல்லாது என்று சொல்லச் சங்கிலியார் வாய் திறந்தார். பார்வை கடைசிக் கட்டத்துக்கு இறங்கியது. அனுமதி அளித்த அதிகாரியின் கையெழுத்து தெளிவாக இருந்தது, கீழே ஒரு சுழியோடு.