டத்தோவுக்கு வணக்கம், பிறகு வெள்ளம்

நம் ஊரில் கூரையே பறந்தாலும், கூடியிருக்கும் பெரிய மனிதர்களுக்கு வரிசையாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் "கூரை போச்சு" என்று கத்த வேண்டும். இந்தக் கலையில் நான் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவள்.

கோலா சிலாங்கூரில் ஒரு கடலோரக் கல்லூரியில் படித்தேன். மழை, புயல் எச்சரிக்கைகளை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். (சம்பளமா? ஒரு டீசட்டை கொடுத்தார்கள். அதுவும் தொளதொளவென்று.)

அன்று காலை புயல்காற்றும் கடல் பெருக்கும் சேர்ந்து வருவதாகத் தகவல். "கரையோரச் சாலைக்கு யாரும் வராதீர்கள்" என்று ஒரே வரி எழுதிக் காட்டினேன். கல்லூரித் துணை முதல்வர் முகம் சுளித்தார். மரியாதை போதவில்லையாம். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. மாண்புமிகு, டத்தோ பட்டம் வாங்கியவர், அவர் மனைவி டத்தின், புரவலர், வாரியத் தலைவர் என்று ஒருவரையும் விடாமல் விளித்து, சாலை எச்சரிக்கையைக் கடைசி வரியில் சேர்த்தேன். பிரமாதம் என்றார். அந்தப் பாழாய்ப்போன பிரமாதத்தில் நான் மதியம் வரை மிதந்துகொண்டிருந்தேன்.

அப்பா அப்போது ஈஜோக்கில் செம்பனைத் தோட்டத்து மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. அவர் கைப்பேசியில் என் செய்தியின் முதல் சில வரிகள்தான் தெரிந்தன. மீதிக்கு அழுத்த வேண்டும். அவர் அழுத்தவில்லை. ஏதோ பெரிய விழா, மகள்தான் முன்னின்று நடத்துகிறாள் என்று நினைத்து, கல்யாணங்களுக்குப் போடும் பட்டுச்சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

கரையோரச் சாலையில் கடல் ஏறி மோட்டாரை அடித்துக்கொண்டு போனது. விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றவரைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டு, வெள்ள நிவாரண முகாமாகியிருந்த எங்கள் கல்லூரி மண்டபத்துக்கே கொண்டுவந்தார்கள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. காலில் ஒரு செருப்புதான். என்னைப் பார்த்ததும் தலையைக் கோதிக்கொண்டார்.

"டத்தோ வந்துட்டாராம்மா?"

பக்கத்தில் நின்ற துணை முதல்வர், "படிச்சிட்டு வந்திருக்கலாம் லா" என்றார். அவரைத் திட்டவா, என்னைத் திட்டவா?

மோட்டார் கிடைக்கவே இல்லை. மோட்டார் இல்லாத மண்டோரைத் தோட்டமும் வைத்துக்கொள்ளவில்லை. அப்பா மறுபடி பழையபடி கூலியாளாகச் செம்பனைக் குலை வெட்டப் போனார்.

இன்றும் வீட்டில் சோறு தீய்ந்தால், அம்மா "மாண்புமிகு டத்தோ அவர்களே" என்றுதான் ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்போம், அப்பாவும்தான். ஆனால் எது வந்தாலும் அவர் அடியிலிருந்துதான் படிப்பார். என் கல்யாணப் பத்திரிகையையும் கடைசி வரியில்தான் தொடங்கினார்.