வெள்ளைத் திரையின் உள்ளர்த்தம்

பேய்ப் படம் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒரு ரகம். சாமிப் படம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தாராலும் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம்: உள்ளர்த்தக்காரர். ஆன்மா, மறுபிறவி, செத்த பிறகு என்ன என்று எதையாவது தொடுகிற படமாகத் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டு, தியேட்டர் வாசலில் உங்களை மடக்கி, "படம் நல்லாருந்துச்சுங்களா?" என்று கேட்காமல் "படம் புரிஞ்சுதுங்களா?" என்று கேட்பாரே, அவரேதான். புரிந்தது என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நம்மில் பாதிப் பேர் புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

எங்கள் பக்கத்தில் இந்த இனத்தின் தலைவர் பெருமாநல்லூர் தங்கதுரை. பனியன் கம்பெனி வைத்திருப்பவர். பனியனை உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்த பிறகுதான் செக்கிங் டேபிளில் பாஸ் பண்ணுவார்கள். வெளிப்பக்கத்துப் பளபளப்புக்கு அங்கே மரியாதை கிடையாது. அந்தப் பழக்கத்தை அவர் தியேட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார். திரையில் ஒருத்தி தண்ணீர் குடித்தால் அது தண்ணீர் இல்லை. காக்கா பறந்தால் அது காக்கா இல்லை. கதாநாயகன் தலைவலி மாத்திரை போட்டால், "மாயையை முழுங்கறான் பாருங்க" என்பார், முன்வரிசைவரை கேட்கும்படி.

இன்னொரு பழக்கமும் உண்டு. படம் முடியப்போகிறது என்று தோன்றியதும் எழுந்துவிடுவார். பார்க்கிங்கில் கூட்டம் சேர்வதற்குள் காரை எடுக்க வேண்டும். பிறவிக்கடலைத் தாண்டுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு அந்தச் சின்ன நெரிசலைத் தாண்ட முடியாது. மனைவி சித்ரகலாவும் கூடவே எழுந்தாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் எந்தப் படத்தின் கடைசிக் காட்சியையும் பார்த்ததில்லை. அதன் உள்ளர்த்தத்தை மட்டும் காரில் கேட்டிருக்கிறார், பாவம்.

போன மாதம் ஒரு படம் வந்தது. இறந்துபோன அம்மா ஒரே ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போவாளா என்று மகள் காத்திருக்கிற கதை. சித்ரகலாவின் அம்மா கொமரலிங்கத்தில் தவறிப்போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. கிளம்பும்போதே சொன்னார்:

"ஏனுங்க, இந்த ஒரு படத்தையாச்சும் முழுசாப் பாத்துக்கறனுங்க. அந்தம்மா வருதா இல்லையான்னு எனக்குத் தெரியோணும்."

"வர்றது முக்கியமில்ல அம்மணி. வராததுலதான் அர்த்தமே இருக்குது" என்றார் தங்கதுரை. படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் ஓடியிருக்கும். கதவை யாரோ தட்டுகிறார்கள். மகள் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாள். உடனே திரை முழுக்க வெள்ளை. சத்தம் இல்லை, உருவம் இல்லை, வெறும் வெள்ளை. புரொஜெக்டரில் கோளாறு. முன்வரிசை விசிலடித்தது. தங்கதுரை கைகூப்பினார்.

"சூனியம்! எப்பேர்ப்பட்ட முடிவு! இதைப் பாத்து விசிலடிக்கறானுக பாரு. எந்திரி அம்மணி, போலாம்."

"நீங்க போயி வண்டியை எடுங்க. நான் வாரனுங்க" என்றார் சித்ரகலா. எழுந்திருக்கவில்லை.

வெளியே, அடுத்த காட்சிக்காக முனீஸ் நின்றிருந்தார். தங்கதுரை கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் தென்காசிக்காரர். முதலாளி விடுவாரா? வெள்ளை என்பது நிறமல்ல, எல்லா நிறமும் போய்ச் சேருகிற இடம், அம்மா என்பவளும் அதுவே, மகள் என்பவளும் அதுவே என்று வெயிலில் நிறுத்தி வைத்து விளக்கினார். தன்னைத் தவிர ஒருவரும் வெளியே வரவில்லையே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஞானம் எல்லாருக்கும் ஒரே நேரத்திலா வரும்?

கடைசியில் கூட்டத்தோடு கூட்டமாக சித்ரகலா வந்தார். கண் சிவந்திருந்தது. முகம் தெளிந்திருந்தது.

"அந்த வெள்ளை உன்னையும் அழுக வெச்சிருச்சா?"

"மிஷின் கெட்டுப் போச்சுங்க. சரிபண்ணி மறுக்காப் போட்டாங்க. அதுக்கப்பறம் அரைமணி நேரம் படம் ஓடுச்சுங்க."

கார் நகர்ந்தது. ஊர் எல்லை வந்ததும், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "கடைசீல அந்தம்மா வந்துச்சா?"

"அதான் நீங்க உள்ளர்த்தமே சொல்லீட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, சித்ரகலா ஜன்னல் பக்கம் திரும்பி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கென்று கிடைத்த முதல் முடிவு அது. அதை எதற்குப் பங்கு போட வேண்டும்?

திங்கட்கிழமை முதலாளி முனீஸைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ முழுசாப் பாத்தியல்ல? முடிவு என்னப்பா?"

முனீஸ் மரியாதை தெரிந்தவர். "நீங்க சொன்ன மாதிரியேதான் மொதலாளி. ஒரே வெள்ளை" என்றார்.

இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம் என்றால், தியேட்டர் வாசலில் நின்றபடியே அந்த முடிவைப் பற்றிப் போனில் ஊர் முழுக்கப் பேசி முடித்தாயிற்று. தியேட்டரில் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும். உயிர் எங்கே போகிறது என்று விரலை நீட்டிச் சொன்ன மனுஷன், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது யார் என்று தெரியாமல் தூக்கம் கெட்டுத் திரிகிறார்.

சரி, அந்த அம்மா வந்தாளா இல்லையா? நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு எதற்கு? கதவு என்றால் மனசு, வெள்ளை என்றால் இன்னது, சித்ரகலா அழுததற்கு அர்த்தம் இது என்று பாதியிலேயே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் எழுந்திருங்கள். கூட்டம் வருவதற்குள் வண்டியை எடுங்கள்.