ஞானமுத்து சாரின் சர்வர்

இனி இந்த வீட்டில் யாரும் எந்த வேலைக்காகவும் பஸ் ஏறக் கூடாது என்று ஞானமுத்து சார் சட்டம் போட்டார். காரணம் இருந்தது. வரதராசன்பேட்டைக் கோயில் திருவிழா மலருக்கு நானூறு போட்டோ திருச்சி அச்சகத்துக்குப் போக வேண்டும். பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள் மனைவி விண்ணரசி. அப்படியே அங்கிருக்கும் அக்கா ஆனி ரோஸின் புதுவீட்டைச் சாமியார் மந்திரிக்கும் சடங்குக்கும் தலைகாட்டி, மூன்று நாள் இருந்துவிட்டு வரலாம் என்பது அவள் கணக்கு.

மூன்று நாள் என்றதும் சாரின் கண்ணில் காலிச் சோற்றுப்பானை தெரிந்தது. அதை வெளியே சொல்வாரா? விஞ்ஞானம் பேசினார்.

"நாம என்ன கற்காலத்துலயா இருக்கோம்? பழைய கம்ப்யூட்டரை சர்வர் ஆக்கிட்டேன். அச்சகத்துக்காரரு அங்கேர்ந்தே நெட்டுல போட்டோவை எடுத்துக்குவாரு. நீ வூட்ல இரு."

போன ஞாயிறு பூசை முடிவில் பங்குச்சாமியார் இதை மைக்கிலேயே அறிவித்துவிட்டார். வரலாற்று வாத்தியார் வரலாறு படைக்கிறார் என்று ஊரே பேசியது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அச்சகத்து அறிவரசன் போன் செய்தார். "சார், கனெக்ட் ஆவலைங்க. நாலு மணிக்குள்ள வரலைன்னா மலரு படமில்லாமத்தான் வரும்."

சார் பாஸ்வேர்டை மாற்றினார். ஃபயர்வாலை அணைத்தார். ரௌட்டரைப் பதினோரு முறை அணைத்து அணைத்துப் போட்டார். இன்டர்நெட் ஆபீசைக் கூப்பிட்டுக் கத்தினார். குவைத்தில் கிரேன் ஓட்டும் மச்சான் ஜூட்டிடம்கூட யோசனை கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த விண்ணரசியிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரி. கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பட்டத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவரே சார்தான். அத்தோடு அதன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

"வூட்டுக்குள்ள என் போன்ல நல்லாத்தான் வருது. வெளியிலதான் எடுபட மாட்டேங்குது," என்று புலம்பினார்.

"உங்க அதிகாரமும் அப்படித்தாங்க."

"நக்கலா?"

"இல்லங்க, மணி பத்தரை. அரியலூர் பஸ்ஸு பதினோரு மணிக்கு. அதைச் சொன்னேன்."

சார் ரௌட்டரைப் பன்னிரண்டாவது முறை அணைத்தார். அப்போது பங்குச்சாமியாரிடமிருந்து போன் வந்தது. எடுக்கப் பயமாக இருந்தது.

"சரி, போயிட்டு வா. பென்டிரைவைப் பத்திரமா குடுத்துடு. இரு, முகம் கழுவிட்டு வந்து வண்டியில விட்டுடறேன்."

அவர் முகம் துடைத்து வருவதற்குள் அவள் புதுச்சேலையில், பெட்டியோடு வாசலில் நின்றாள். பெட்டி நேற்றே கட்டியது போல் இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குச் சோறு போட்டுக்கொள்ள அடுப்படிக்குப் போனார். ரசச்சட்டிக்குப் பக்கத்தில் பென்டிரைவ் கிடந்தது. போனை எடுத்தார்.

"அரசி, பென்டிரைவை இங்கயே விட்டுட்டுப் போயிட்டியே. மானம் போச்சு."

"விடலைங்க, வச்சுட்டு வந்தேன். நீங்க முகம் கழுவப் போனீங்கல்ல, அப்பவே ரௌட்டர்ல வெளியாளு உள்ள வர்ற வழியைத் திறந்துவிட்டுட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. பஸ்ஸுலேர்ந்து அறிவரசனுக்குப் போன் போட்டேன், நான் அரியலூரு தாண்டுறதுக்குள்ள நானூறையும் எடுத்துட்டாரு. இப்பத்தான் அக்கா வூட்டுக்குள்ள நுழையறேன்."

சாருக்குப் போன உயிர் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"அப்பறம் எதுக்கு அங்க போனே? அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்து சேரு."

"எப்படிங்க வர்றது? நம்ம வூட்ல இனிமே யாரும் பஸ் ஏறக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."