அத்தை குடிக்காத குளத்துத் தண்ணீர்

ஸ்ரீ துர்கை துணை

சிமுல்டாங்கா
20 மார்ச் 1957

அன்பு மகள் ஜுனுவுக்கு அப்பா நபகோபாலின் அநேக ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் அத்தை நான்கு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை. காரணம் நான்தான்.

"குளத்துப் பாசியைப் பாக்கவா உன்னைக் கல்கத்தாவுல படிக்க வைக்கிறேன்?" என்று பூஜை விடுமுறையில் கத்தினேனே, நீயும் மைக்ராஸ்கோப்பை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாயே, ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சும்மாதானே கிடக்கிறது என்று போன வாரம் ஒரு சொட்டுக் குளத்து நீரை அதில் வைத்துப் பார்த்தேன். அடேயப்பா! செருப்பு மாதிரி ஒன்று, உடம்பெல்லாம் மயிரை அசைத்துக்கொண்டு ஓடுகிறது. எதிலாவது முட்டினால் பின்வாங்கி, வேறு பக்கம் திரும்பி, மறுபடி ஓடுகிறது. அப்படியே நீதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நபு, இதுக்கெல்லாம் உசுரு இருக்கா?" என்றாள். "இருக்கே அக்கா, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா!" என்றேன், ஏதோ நானே பெற்றதுபோல. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தாலியறுத்து முப்பத்தாறு வருஷமா ஒரு மீன் முள்ளைத் தொட்டிருப்பேனா? இப்ப பாத்தா தெனமும் சொம்பு சொம்பாக் கறி குடிச்சிருக்கேனேடா!"

கைப்பம்பில் தோல் வாஷர் இருக்கிறதென்று அந்தத் தண்ணீரை அவள் தொடமாட்டாள், உனக்குத் தெரியும். குளமும் போயிற்று, இளநீரில் காலம் தள்ளுகிறாள். காய்ச்சித் தருகிறேன் என்று உன் அம்மா சொன்னதற்கு, "காய்ச்சினா அது கொழம்புடி!" என்று அழுதாள். புரோகிதரை அழைத்துவந்தேன், அவரும் எட்டிப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. எலும்பில்லை, ரத்தமில்லை, ஒரே ஒரு உயிரணுதான் என்று உன் புத்தகத்தைப் பார்த்து விளக்கினேன். "ஒனக்கு என்னடா தெரியும்? ஜுனு வந்து சொல்லட்டும், குடிக்கிறேன்" என்கிறாள்.

அம்மா ஜுனு, நான் அன்று பேசியது தப்பு. கோபத்தை விட்டுவிட்டு, அத்தையின் தொண்டைக்காகவாவது வா.

துர்கை உன்னைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்போது அத்தை வந்தாள். கையில் சொம்பு, உள்ளே குளத்துத் தண்ணீர். "முந்தாநாளே ஆரம்பிச்சிட்டேன்டா, தாகம் தாங்கல" என்றாள். அப்படியானால் கடிதத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். "கிழிச்சியோ தெரியும்! அந்தப் பொண்ணு வர்றவரைக்கும் நான் குடிக்கல. போ, தபால்ல போடு."

இதோ, போடப் போகிறேன்.