நான்கு மூலையும் ஒரே மட்டம், மாப்பிள்ளை

நாலாபக்கமும் கடல் சூழ்ந்த எண்ணெய் மேடையில் பாடுபடும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கிளாடியஸ் அவர்களுக்கு, கம்போங் மினோடுங் கிராமத்திலிருந்து உங்கள் மூத்த மைத்துனன் கைபின் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் தங்கையும் தங்கள் மனைவியுமாகிய டோர்த்தியா, பிள்ளைகள், எருமை, எல்லோரும் நலம். தாங்களும் கடலில் விழாமல் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். போனில் சொல்லலாம்தான். ஆனால் குன்றின் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், கிடைத்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் பத்து வார்த்தை பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்து இது. புரியாத இடத்தில் நல்லதாக எதையாவது நினைத்துக்கொள்ளவும்.

சனிக்கிழமை கெனிங்காவ் பட்டணத்திலிருந்து வண்டி வியாபாரி தவுக்கே சோங் வருவார், நம் வண்டி பிடித்துப்போனால் விலையைக் கொடுத்துச் சாவியை வாங்கி அப்படியே ஓட்டிப்போவார், அதற்குள் முன் இடது மூலை சாய்ந்திருப்பதைச் சரிசெய்து வையுங்கள் என்று சொல்லியிருந்தீர்கள். வண்டி போவதில் இங்கே ஒருவருக்கும் சம்மதமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் பொத்தானை அமுக்கியதும் நாலு விரல் உயரம் எழுந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெண்பிள்ளை மாதிரி மறுகரை போய்ச் சேர்கிற வண்டி நம் ஊருக்கு அது ஒன்றுதான். அது போய்விட்டால் நாற்பது வீட்டு இஞ்சியும் பழையபடி முதுகுக் கூடையில்தான் சந்தைக்குப் போக வேண்டும், அதில் பெரிய கூடை உங்கள் மனைவியுடையது. ஆனாலும் வண்டி உங்களுடையது, வாக்கு என்னுடையது. சரிசெய்து தருகிறேன் என்றேன், செய்துவிட்டேன். நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. மேலே படிக்காவிட்டாலும் பரவாயில்லை. படித்தால் கோபப்படக் கூடாது.

சாய்ந்ததற்குக் காரணம் நான் இல்லை, ஆற்றுக்குள் இருந்த ஒரு பாறை. சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று உள்ளே இருக்கும் பெட்டிக்குச் சொல்கிற சின்னக் கை ஒன்று உண்டல்லவா, அதை அந்தப் பாறை முறித்துவிட்டது. புதியதை வாங்கி நானே பொருத்தினேன். ஆனால் புதுக் கைக்கு நம் வண்டியின் உயரம் தெரியாது. புது மருமகளுக்கு உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று காட்டுவதுபோல நாம்தான் காட்ட வேண்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாலு பக்கமும் டேப் பிடித்து அளந்து, அந்த அளவுகளை நீங்கள் வைத்துவிட்டுப் போன பொத்தான் வைத்த கைப்பெட்டியில் தட்டிவிட்டால் வண்டிக்குள் இருக்கும் பெட்டி தெரிந்துகொள்ளும். இவ்வளவுதான் வேலை. இதற்குப் பட்டணத்து ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் உட்கார வைக்கிறார்கள்.

எனக்கு நாலு நாள் ஆனது.

முதல் நாள் டேப் கிடைக்கவில்லை. கண்ணிருக்கக் கருவி எதற்கு என்று, நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பானட்டின் மேல் 'தப்பாய்' என்கிற நம் அரிசிக் கள்ளை ஒரு கிண்ணம் வைத்து, அது எந்தப் பக்கமும் வழியாதபடி ஒவ்வொரு மூலையாக ஏற்றி இறக்கிப் பெட்டியில் பதிந்துவிட்டேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு வண்டியைத் தார்ச்சாலைக்கு ஓட்டிப்போனால், அது கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவன் மாதிரி ஒரு தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறது. நம் வாசல் சரிவு என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சரிவில்தானே நிற்கிறேன், காலுக்குப் பழகிவிட்டது.

மினோடுங்கில் சமதளமான இடம் ஒன்றே ஒன்றுதான், பொதுமண்டபத்துப் பேட்மிண்டன் ஆடுகளம். அறுவடைத் திருவிழாப் போட்டிக்காகப் பெண்கள் அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் ஓங்கிலிடம் கேட்டேன். மேல்கரை ஊர்க்காரிகளிடம் போன வருடம் தோற்றது போதாதா, இந்த வருடம் உன் டயர் தடத்தில் வழுக்கி விழுந்து வேறு தோற்க வேண்டுமா என்றார். விளையாடி முடித்த பிறகு வருகிறேன், தரையை நானே துடைத்துத் தருகிறேன் என்று கெஞ்சி, வண்டியை உள்ளே ஏற்றி, நாலு டயருக்கும் காற்றைச் சமமாக அடித்து, டேப்பும் தேடிப் பிடித்து, நூல் பிசகாமல் அளந்தேன். கைப்பெட்டி பின்னால் கிடந்தது, எடுக்கப் பின்கதவைத் திறந்தேன். பெட்டியில் எழுத்து பொடியாக இருந்ததால் கண்ணாடி எடுக்க வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் பம்பாங்கான் காட்டுமாங்காய் ஊறுகாயோடு சோறு இருந்தது. அது என் தப்பா?

சாப்பிட்டுத் திரும்பி வந்து அளவுகளைத் தட்டிப் பதிந்துவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தால், பதினொரு மூட்டை இஞ்சி. உங்களுக்குத் தெரியாததா, நம் ஊரில் பின்கதவு திறந்து நிற்கிற வண்டி என்றால் சந்தைக்குப் போகிற வண்டி, யாரையும் கேட்கத் தேவையில்லை, வைத்துவிட்டுப் போகலாம். முதல் மூட்டை யாருடையது என்று விசாரித்தேன். டோர்த்தியாவுடையது.

"சரிசெஞ்சிட்டு இருக்கேன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"கதவு தொறந்திருந்துச்சு, வச்சேன். சரிசெய்யறவன் கதவ சாத்திட்டுல்ல செய்வான்."

நான் அளந்தது காலி வண்டியை, பெட்டியில் பதிந்தது இஞ்சி ஏறி அமுங்கிய வண்டியை. அதனால் அந்த அமுங்கிய நிலைதான் சரியான உயரம் என்று பெட்டி முடிவுகட்டிவிட்டது. மூட்டைகளை இறக்கிய பிறகும் வண்டி, முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி பின்புறத்தைத் தரையோடு வைத்துக்கொண்டு எழ மறுத்தது. ஓட்டினால் எழுமோ என்று மறுநாள் காலி வண்டியை அப்படியே தம்புனான் சந்தைவரை ஓட்டிப் போய்வந்தேன். வழி நெடுக எதிரே வந்தவர்கள் பின்னால் என்ன ஏற்றியிருக்கிறாய் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

கடைசியாக நேற்று மறுபடியும் ஆடுகளம். இம்முறை ஊர்த்தலைவரையே மட்டையோடு பின்கதவில் காவல் நிறுத்தினேன். மூட்டையோடு வந்த ஆறு பேரை அவர் திருப்பி அனுப்பினார், அதில் ஒருவர் அவருடைய சொந்த மாமியார். ஒவ்வொரு மூலையையும் இரண்டு தடவை அளந்தேன். முன்பக்கம் இரண்டும் நாற்பத்தாறரை சென்டிமீட்டர், பின்பக்கம் மட்கார்டு கொஞ்சம் உயரம் என்பதால் இரண்டும் நாற்பத்தெட்டு. அளந்த கையோடு பதிந்தேன். வண்டி ஒரு பெருமூச்சு விட்டது, பின்புறம் மெல்ல எழுந்தது, நின்றது. தலைவர் சுற்றிவந்து குனிந்து பார்த்துவிட்டு, இந்த மண்டபத்துச் சுவரைக் கட்டினவன்கூட இவ்வளவு நேராகக் கட்டவில்லை என்றார். ஆற்றில் இறக்கிப் பொத்தானை அமுக்கினேன், நாலு காலும் ஒன்றாக எழுந்தன. தண்ணீர் கதவைத் தொடவில்லை. கூட உட்கார்ந்திருந்த டோர்த்தியா அக்கரையில் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவியைத் தானே வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆக, வண்டி தயார். தவுக்கே தாராளமாக வரலாம். நீங்கள் கவலையில்லாமல் தூங்கலாம். உங்கள் கூரையும் களஞ்சியமும் நிறையட்டும், உங்கள் காலடியில் இரும்பு உறுதியாக இருக்கட்டும், உங்கள் சமையல்காரருக்கு உப்பின் அளவு பிடிபடட்டும் என்று எல்லோருடைய ஆசியையும் சேர்த்து அனுப்பி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சொன்ன வாக்கைக் காப்பாற்றிய மைத்துனன்,
கைபின்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சனிக்கிழமையே வந்துவிட்டது. தவுக்கே சோங் வந்தார். வண்டியைச் சுற்றிவந்தார், படுத்துப் பார்த்தார், ஆற்றில் இரண்டு தடவை இறக்கி ஏற்றினார், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். சாவிக்காக டோர்த்தியாவிடம் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"சாஞ்சு கெடந்தா வித்துருக்கலாம். இப்ப நல்லா நிமிந்து நிக்கிறத எதுக்குண்ணா விக்கணும்? தவுக்கே வேற வண்டி பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இஞ்சிக் கொல்லைக்குப் போய்விட்டாள். நான் செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறையே இல்லாமல் செய்ததுதான் குறை. இனிமேல் இதைப் பற்றி அவளுக்கே எழுதுங்கள். தவுக்கேவுக்கு ஒரு கிண்ணம் தப்பாய்க் கள் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். அவர் வீட்டிலும் இதே மாதிரி வண்டி ஒன்று வலது பக்கம் சாய்ந்து கிடக்கிறதாம், வந்து சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். திங்கட்கிழமை போகிறேன். உங்கள் வண்டியில்தான்.