தலைமையாசிரியரின் விண்ணப்பம்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று தலைமையாசிரியர் கங்கணம் கட்டிக்கொண்டார். வீட்டில் விட்டுக்கொடுக்க அவரிடம் வேறெதுவும் மிச்சமில்லை. பள்ளிக்கூடமாவது தன்னுடையதாக இருக்கட்டுமே என்று பார்த்தார். அவருடைய போதாத காலம், அதே அரசுப் பள்ளியில் தனிக்கவனம் வேண்டிய பிள்ளைகளுக்கு ஆசிரியை, அவருடைய மனைவியேதான்.

தகராறு ஐந்தாம் வகுப்புச் சிட்டுவைப் பற்றி. கணக்கில் புலி. வாயால் கேட்டால் டக்டக்கென்று விடை சொல்வாள். மணிச்சத்தம் கேட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். அப்புறம் பரீட்சையாவது ஒன்றாவது! பரீட்சை அன்றைக்கோ அரை மணிக்கொரு தரம் மணி அடிக்கும். இந்தத் தடவையும் வெள்ளைத்தாளைக் கொடுத்தால் படிப்பையே நிறுத்திவிடுவதாக அவளுடைய அப்பா சொல்லியாயிற்று. பரீட்சை திங்கட்கிழமை.

"தனி ரூம், அரை மணி நேரம் கூட. இவ்வளவுதாங்க கேக்குறேன்."

"முடியாது. இவளுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்!"

"சரிங்க."

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் மனைவி இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னதே இல்லை. மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் அவருக்கு அது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சட்டையைப் போட்டார். பிடரியில் சுருக்கென்று குத்தியது.

"லேபிளை வெட்டலையா?"

"எல்லாரும் லேபிளோடதாங்க போட்டுக்கிறாங்க."

சாப்பிட உட்கார்ந்தால், தட்டில் காயும் சாதமும் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றோடொன்று பட்டால் அவருக்குத் தொண்டையில் இறங்காது.

"எல்லாரும் இப்படித்தாங்க சாப்பிடுறாங்க."

அரைகுறை வயிற்றோடு ஆண்டறிக்கையைப் பிரித்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் அது மேலிடத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு வரி எழுதவில்லை, சமையலறையில் மிக்ஸி அலறியது. வழக்கமாக அவர் நடக்கப் போன பிறகுதான் அவள் மிக்ஸியைத் தொடுவாள்.

"காது கிழியுது! நிறுத்தித் தொலையேன்!"

"பக்கத்து வீட்டுக்காரர் இந்தச் சத்தத்துல பேப்பரே படிக்கிறாரு. விதி..."

"விதியை விடு! எனக்கு ஒரு தனி ரூம் குடு. அரை மணி கூட ஆனாலும் முடிச்சிடுறேன்."

"வாய்ப்பேச்செல்லாம் செல்லாது. விண்ணப்பமா எழுதிக் குடுங்க."

பள்ளியில் எல்லாரையும் அவர் படுத்தும் பாடு அது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். 'சத்தம் இருந்தால் என்னால் எழுத முடிவதில்லை. இது திமிர் அல்ல, என் சுபாவம். தனி அறையும் கூடுதலாக அரை மணியும் தந்தால் ஒழுங்காக முடிப்பேன்.' கையெழுத்துப் போட்டார். கை சும்மா இருக்குமா? மளிகைச் சீட்டுக்கே ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற கை. இதற்கும் குத்தியது.

மிக்ஸி நின்றது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை காலையில், ஆசிரியர்கள் எல்லாரும் நிற்கும்போது, மேஜைமேல் ஒரு தாளை வைத்தாள் மனைவி. சிட்டுவின் விண்ணப்பம். பெயரைத் தவிர எழுத்துக்கு எழுத்து அவர் எழுதியதே. அதற்கடியில், ஸ்டாம்போடு, அவர் எழுதியது.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். விதியும் ஒண்ணுதானே?"

ஆபீஸ் கிளார்க் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். அவர் படித்துவிடுவதற்குள் தலைமையாசிரியர் அவசர அவசரமாகக் கையெழுத்திட்டு ஸ்டாம்பையும் குத்தினார்.

"எந்த ரூம்?"

"மணிச்சத்தம் எட்டாத ரூம் ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு."

இருந்தது. அவருடைய அறை. தனக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று மணியை வராந்தாவின் அந்தக் கோடிக்கு மாற்றியவரே அவர்தான்.

ஆண்டறிக்கையில் ஞாயிற்றுக்கிழமை முடியாமல் மிச்சமிருந்த கடைசி நான்கு பக்கத்தை அந்த வராந்தாவில், அந்த மணிக்கு நேர் கீழே, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். காலியாக இருந்தது அந்த இடம்தான். முதல் மணிக்குப் பேனா துள்ளியது. இரண்டாவது மணிக்குத் தாள் கிழிந்தது. மூன்றாவது மணிக்கு, பெஞ்சுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று அவரே குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். அந்தக் குழந்தை இத்தனை வருஷம் இதைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறதே!

விடைத்தாளை நெஞ்சோடு அணைத்தபடி சிட்டு வந்து நின்றாள். கடைசி வரி வரைக்கும் நிறைந்திருந்தது.

"சார், நான் முடிச்சிட்டேன். நீங்க இன்னும் முடிக்கலையா?"

பின்னாலேயே வந்த மனைவி சொன்னாள்: "சாரை அவசரப்படுத்தாதே கண்ணு. கூட நேரம் வேணும்னா விண்ணப்பம் எழுதிக் குடுப்பாரு."